நாங்கள் மிதித்துத் தேய்த்த பெயர்

1979ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்குக் கீழ்பென்னாத்தூரில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். பதினெட்டு கிலோமீட்டர், டிக்கெட் தொண்ணூறு காசு.

"இன்னா தம்பி, லீவு நாள்ல யாரப் பாக்க?" என்றார் கண்டக்டர்.

"எங்க தாத்தாவங்க."

"ஆஸ்பத்திரியிலயா?"

"கோயில்ல. தரையில கெடக்கறாரு."

"அப்ப எழுப்பி உட்டுட்டு வா" என்று சில்லறையைத் தந்து முன்னால் போய்விட்டார்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரிய கோயிலில் கிளிகோபுரம் தாண்டியதும், நடக்கிற கல்தளத்திலேயே ஓர் ஆள் செதுக்கப்பட்டிருக்கிறார். கைகூப்பிக் குப்புற விழுந்து, முகத்தை மட்டும் ஒருபக்கம் திருப்பிக் கும்பிடும் உருவம். வருகிறவர் கால் பட்டால் கிடப்பவருக்குப் புண்ணியம். அந்த ஆள் என் அப்பாவுக்குத் தாத்தா. திருப்பணிக்கு மாட்டு வண்டியில் கல் ஏற்றி வந்தவர். கூலி வேண்டாமென்றதால் அவரையே கல்லில் வைத்துவிட்டார்கள். இது எங்கள் வீட்டுக் கதை. கார்த்திகைதோறும் குடும்பத்தோடு போய் அவரை நன்றாக மிதித்துவிட்டு வருவோம்.

அவர் பெயர் மட்டும் எங்களில் யாருக்கும் தெரியாது. வண்டிக்காரத் தாத்தா என்றே சொல்லிப் பழக்கம். தலைமாட்டில் எழுத்து உண்டு. தீபக் கூட்டத்தில் குனிந்து படிக்க முடியாது. இப்போது அக்காவுக்கு ஆண் குழந்தை. "நீதான் நாலு எழுத்து படிச்சவன். போய் அந்தப் பேரப் படிச்சிக்கினு வா. கொயந்தைக்கு வெக்கணும்" என்று அப்பா அனுப்பியிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் ஒரு தொல்லை உண்டு. எழுத்துத் தெரியாதவரை கல் வெறும் கல்லாக இருந்தது. தெரிந்த பிறகு, எங்கே திரும்பினாலும் அடுத்தவர் பெயர். கிணற்று மேடையில் ஒருவர், பஸ் நிழற்குடையில் ஒருவர், சத்திரத்து வாசலில் ஒருவரும் அவர் தகப்பனாரும். வழியெல்லாம் வாசித்துக்கொண்டே வந்தேன். வயிறும் எரிந்துகொண்டே வந்தது. எங்களுக்கும் ஒரு கல் இருக்கிறது என்பதுதான் ஆறுதல்.

எட்டு மணிக்கு இறங்கி, முப்பது காசுக்கு டீ குடித்துவிட்டுக் கோயிலுக்குள் போனேன். எங்கள் தாத்தாவின் பக்கத்தில் என் வயதுப் பையன் ஒருவன் குந்தியிருந்தான். இஸ்திரி கலையாத சட்டை. சொம்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் வைத்துக்கொண்டு எழுத்தைத் தேய்த்துக் கழுவினான்.

"யாருங்க நீங்க? எங்க கல்லுல இன்னா பண்றீங்க?"

அவன் நிமிர்ந்தான். "உங்க கல்லா? படிச்சிப் பாருங்க."

ஈரத்தில் எழுத்து பளிச்சென்றிருந்தது. 'ஆரணி நூல் வியாபாரம் சபாபதி சதா சேவை.' இரண்டு முறை படித்தேன். வண்டி இல்லை, எங்கள் ஊரும் இல்லை.

"என் பேரும் சபாபதிதான்" என்றான் அவன். "அவரு பேரத்தான் எனக்கு வெச்சாங்க. தீபக் கூட்டத்துல புள்ளையத் தொலைச்சிட்டாராம். மறுநாள் இதே எடத்துல கெடச்சானாம். அந்தக் கூட்டத்துக் காலடியிலயே கெடக்கறேன்னு வேண்டிக்கினாராம்."

கல் அவனுடையது, பெயர் அவனுடையது. கதையும் எங்கள் வண்டிக் கதையைவிட நன்றாக இருந்தது.

"ஆனா எங்க ஊட்ல ரெண்டு தலைமொறையா யாரும் வரல. நானே இப்பதான் மொதல்ல வரேன். மூஞ்சே தேஞ்சி கெடக்குது. யாரு இவ்ளோ மிதிச்சாங்களோ!"

"நாங்கதாங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப எங்க தாத்தாவுக்குப் புண்ணியம் சேத்தது நீங்களா? எனக்குப் பொறாமையா இருக்குங்க. வாங்க, சேந்து மிதிக்கலாம்."

அவனுக்குப் பொறாமையாம்! என் காலை இனி அந்த நூல் வியாபாரிக்குத் தரக்கூடாது என்று தோன்றியது. வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

பத்தரை மணி பஸ்ஸில் திரும்பினேன். அதே கிணற்று மேடை, அதே நிழற்குடை. ஒன்றையும் வாசிக்கவில்லை.

வாசலிலேயே அப்பா கேட்டார்: "இன்னா பேருடா?"

உள்ளதைச் சொன்னேன். மடியில் குழந்தையோடு அக்கா என்னை முறைத்தாள். அப்பா என் காலைப் பார்த்துக் கேட்டார்:

"மிதிச்சியா?"

"இல்லப்பா. அவுரு நம்ம ஆளே இல்லியே."

"எங்கப்பன் என் கையப் புடிச்சி அங்கதான் நிக்க வெச்சான். உன்ன நான் நிக்க வெச்சேன். ஆரணிக்காரன் வந்து தேச்சானா அந்த மூஞ்ச? சபாபதி… பேரு நல்லாத்தான் கீது. அதையே வை."

வைத்துவிட்டார்கள்.

அடுத்த கார்த்திகைக்கு எல்லோரும் போனோம். கூட்டத்தை அப்பா இரண்டு கையாலும் விலக்க, அக்கா பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி அந்தக் கல்மேல் நிறுத்தினாள். அவள் விரல்களைப் பிடித்தபடி அவன் இரண்டு காலாலும் தன் பெயரைத் தட்டித் தட்டிக் குதித்தான். ஊரில் எங்கே திரும்பினாலும் அடுத்தவர் பெயர் என்றேனே, இப்போது எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருவனுக்குக் கல் வந்துவிட்டது.

"நீயும் வாடா" என்றார் அப்பா.

அவன் இறங்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவன் இறங்குகிற வழியாக இல்லை.