அக்காவுக்குச் சொன்ன இரண்டு பதில்கள்

கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் நரம்புகளை வரைந்துகொண்டிருந்தேன். வேங்கிக்காலில் என் பெரியப்பா மகளின் வீடு அது. ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் துணி துவைக்கும் அந்த அக்கா, மூளை ஆய்வுப் படிப்பின் விடுமுறையில் வந்த என்னை வம்புக்கு இழுத்திருந்தாள். "எலிக்கு மூளை இருக்குனு கண்டுபுடிக்கவாடி இத்தன வருஷம் படிக்கிற?"

பெருமையோடு விளக்கினேன். வெறிநாய்க்கடி வைரஸ் நரம்பு விட்டு நரம்பு தாவி மூளைக்கு ஏறும். அதன் பரவும் திறனை முடக்கி, ஒளிரும் நிறத்தையும் ஏற்றி எலியின் மூளைக்குள் விடுகிறோம். ஒரே தாவலில் அது நின்றுவிடும். ஒளிரும் செல்களை வைத்து, எந்த நரம்பு எதனோடு இணைந்திருக்கிறது என்று அறிகிறோம்.

"நாய் கடிச்சா வர்ற நெஜ வைரஸ் மெதுவாதான் ஏறும்க்கா. வாரக்கணக்குல ஆவும், சில பேருக்கு மாசக்கணக்குல."

துணி மடித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. எட்டு வயதில் இறந்த அவள் மகனுக்குக் காய்ச்சல் என்றே, அப்போது கல்லூரி விடுதியில் இருந்த எனக்குச் சொல்லியிருந்தார்கள். அன்றுதான் அவள் சொன்னாள். கிரிவலப் பாதையில் ஒரு நாய்க்குட்டி அவன் காலைக் கீறியது. மஞ்சள் பற்றுப் போட்டாள், மந்திரித்துக் கயிறு கட்டினாள். புண் ஆறியது. ஒன்றரை மாதம் கழித்துத் தண்ணீர்ச் சொம்பைக் கண்டு அலறினான்.

"அப்பவே ஊசி போட்டிருந்தா?"

"இல்லக்கா. சின்னப் புள்ளைங்களுக்குச் சீக்கிரம் ஏறிடும். ஊசி கேக்காது."

அவள் முகம் இளகியது. "அப்ப எதிர்வூட்டுக்காரிகிட்ட சொல்லணும். நேத்து அவ பொண்ண நாய் பிராண்டிடுச்சு. வேலய வுட்டுட்டு ஊசிக்கு அலையிறா பாவம்."

ஒரு தாயின் மனச்சுமையைக் குறைக்கவே அந்தப் பொய்யைச் சொன்னேன். அது தெருவைக் கடந்து இன்னொரு குழந்தையிடம் போகப்போகிறது என்பது எனக்கு அந்தக் கணம்தான் உறைத்தது.

"பொய் சொல்லிட்டேன்க்கா. அந்தப் பொண்ணுக்கு எல்லா ஊசியும் போடணும். நம்ம பையனுக்கும் உடனே போட்டிருந்தா பொழச்சிருப்பான்."

"புண்ணு ஆறிப்போச்சுனு நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்" என்றாள் அக்கா. மீதித் துணிகளையும் மடித்து முடித்த பிறகே எழுந்தாள்.

அந்தச் சிறுமியைக் கடைசி ஊசி வரை அவளே அழைத்துப் போனதாக அம்மா சொன்னாள். இப்போது அந்தத் தெருவில் எந்தப் பிள்ளையை நாய் கடித்தாலும் அக்காதான் ஆட்டோ பிடிக்கிறாளாம். உண்மையைச் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில், ஆய்வகத்தில் யாரும் இல்லாதபோது அவளைப் போனில் அழைக்கிறேன். மணி முழுதாய் அடித்து ஓய்கிறது.