பன்னிரண்டாம் கம்பம்

ஓடைப் பாதையில் என் வீட்டுக்காரருக்கு 'மெதுவா மாமா' என்று பெயர். சைக்கிளில் பறந்து வருகிறவர்களைப் பார்த்து ஒரு நாளைக்கு நூறு தடவை "மெதுவா, மெதுவா" என்று கத்துவதால் பிள்ளைகள் வைத்த பட்டம். வீட்டில் நான் வைத்திருக்கும் பெயர் வேறு. அதை இங்கே எழுத முடியாது.

ஓடையை ஒட்டி எட்டு கிலோமீட்டருக்குத் தார் போட்ட பாதை அது. அதைப் பராமரிப்பதுதான் அவருக்கு வேலை. நடக்கிறவர்கள் ஓடைப் பக்கம், சைக்கிள்காரர்கள் வேலிப் பக்கம், நடுவில் மஞ்சள் கோடு. அந்தக் கோட்டை ஒருவரும் சட்டை செய்வதில்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு எதுவும் கேட்காமல் நடப்பவர்கள், நீளக் கயிற்றில் நாயை விட்டுப் பாதையையே மறிப்பவர்கள், மூன்று பேராகக் கைகோத்துக் கதை பேசிக்கொண்டு போகிறவர்கள் என்று எல்லோரோடும் மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் என்னோடு பேச அவரிடம் சத்தம் மிச்சமிருக்காது. சைக்கிளின் பின்னால் ஒரு பெட்டி. அதில் விளக்குமாறு, கிளை வெட்டும் கத்தரி, திருப்புளி, பெயின்ட் டப்பா. வீட்டில் குடித்த டம்ளரை நகர்த்தி வைக்காத மனுஷர், அங்கே யாருடைய டயரிலும் குத்திவிடக் கூடாதென்று கண்ணாடிச் சில்லுகளைக் குனிந்து குனிந்து பொறுக்குவார்.

அவருக்கு ரொம்பப் பெருமை பாதையோரம் நிற்கும் கம்பங்கள்தான். இருநூறு மீட்டருக்கு ஒன்று, மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய தகடு. யாராவது விழுந்துவிட்டால் போனில் அந்த எண்ணைச் சொன்னால் போதும், அதற்குப் பக்கத்தில் வேலியில் இருக்கும் வாசலுக்கு ஆம்புலன்ஸ் வந்துவிடும். மழைக்காலத்தில் ஓடை பொங்கித் தகடெல்லாம் சேறு பூசிக்கொண்டபோது, நாற்பதையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார். கழுவி, புதுசாக எண் எழுதி, மாடியில் காய வைத்தார். காய்ந்ததும் அடுக்கிக் கட்டிக் கொடுத்தது நான். நான் வேலை பார்க்கும் லாண்டரியில் ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு மடித்து அடுக்குகிறவள், இதெல்லாம் ஒரு வேலையா என்று தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே அடுக்கினேன். பன்னிரண்டும் இருபத்தொன்றும் இடம் மாறியிருந்தன. நான் அடுக்கிய வரிசையை நம்பி அவர் ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டே போய்விட்டார்.

மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை. பழகின பாதையில் யார் கம்பத்தைப் பார்த்து நடக்கிறார்கள்?

அப்புறம் ஒரு நாள் காலை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மனைவியோடு நடந்து வந்தவர், பாதையில் அப்படியே சரிந்துவிட்டார். அந்த அம்மா போன் செய்து, எதிரில் இருந்த கம்பத்தைப் பார்த்து இருபத்தொன்று என்று சொன்னார். ஆம்புலன்ஸ் நிஜமான இருபத்தொன்றாம் இடத்து வாசலுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் அங்கேதான் கிளை வெட்டிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தவர்கள் ஆளைக் காணாமல் விழித்தார்கள். திரும்பப் போன் போட்டுக் கேட்டார்கள். அந்த அம்மா திரும்பவும் இருபத்தொன்று என்றுதான் சொன்னார். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடிப் போனார். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தரையில் உட்கார்ந்து புருஷன் தலையை மடியில் வைத்திருந்த அம்மாவையும், அவருக்கு எதிரே இருந்த தகட்டையும் ஒரே நேரத்தில் பார்த்தார். வண்டி தெருவைச் சுற்றிக்கொண்டு சரியான வாசலுக்கு வந்து சேர்வதற்குள் இருபது நிமிஷம் ஓடிப்போயிற்று. டிரைவர் பிழைத்தார். வலது கையும் பேச்சும் போய்விட்டன.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"தகடு ரெண்டும் மாறியிருக்கு. நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிடறேன்."

"சொன்னா அந்த மனுஷனுக்குக் கை வந்துடுமா? உங்க வேலைதான் போகும். விடிஞ்சு ஆள் வர்றதுக்கு முன்னாடி போய் மாத்திட்டு வந்துடுங்க. யாருக்கும் தெரியாது."

அடுக்கியது நான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். மறுநாள் விடியற்காலையில் திருப்புளியோடு போனார். எட்டுத் திருகாணி. அரை மணி நேர வேலை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்தவர் தலையைப் பற்றி நினைக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து அந்த டிரைவர் கைத்தடியோடு பாதைக்குத் திரும்பி வந்தார். கூடவே அந்த அம்மா. அந்த அம்மா ஒவ்வொரு கம்பத்துக்கும் முன்னால் நின்று, தகட்டில் விரலை வைத்து எண்ணைச் சத்தமாகப் படிக்கிறார் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். அவர்களைக் கண்டால் இவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாராம். ஒரு நாள் திருப்ப முடியாமல் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்.

"தம்பி, இது பன்னெண்டுதானே?" என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். இவர் ஆமாம் என்றதும் அந்த அம்மா தானாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். அன்றைக்குப் பன்னிரண்டை இருபத்தொன்று என்று மாற்றிப் படித்துவிட்டாராம், அதுவும் இரண்டு தடவை. மகன் மறுநாளே வந்து கம்பத்தைப் போட்டோ எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினானாம். பன்னிரண்டு என்று பளிச்சென்று இருந்ததாம். அப்பாவின் மாத்திரைகளை இப்போது அம்மா கையில் அவன் கொடுப்பதில்லை. மருமகள்தான் படித்துப் பார்த்துக் கொடுக்கிறாள்.

"அவன் மேல தப்பு சொல்ல முடியாது தம்பி. என் கண்ணை நானே நம்பறதில்ல."

இதைச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தகட்டைச் சரியாக மாட்டிய அந்தக் காலையிலேயே எங்கள் தப்பை அந்த அம்மா தலையில் கட்டிவிட்டோம். மாற்றாமல் விட்டிருந்தால் மகன் எடுத்த போட்டோவில் இருபத்தொன்று என்றே இருந்திருக்கும். அந்த அம்மா நிமிர்ந்து நடந்திருப்பார்.

உறைத்தது என்று எழுதிவிட்டேன். ஆனால் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அவர் கிளம்பியபோது நான்தான் இன்னும் இரண்டு நாள் தடுத்தேன். ஐந்து மாதம் ஆகிவிட்டது, புண்ணைக் கிளற வேண்டாம் என்றேன். அவங்களுக்கே பழகியிருக்கும் என்றுகூடச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை, அவரிடம் சொல்லாமல் நான் பாதைக்குப் போனேன். ஏழு வருஷமாக அவர் கூட்டுகிற பாதையில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நடந்தேன். அந்த அம்மாவைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. பத்தடி பின்னால் நடந்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று. பக்கத்தில் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு போயின. பன்னிரண்டாம் கம்பத்தில் படித்துவிட்டு நாலு அடி நடந்தார். டிரைவரை அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை படித்தார். பரீட்சையில் எழுதியதைச் சரிபார்க்கிற பிள்ளை மாதிரி உதடு அசைந்தது. அதற்கு மேல் என்னால் அவர் பின்னால் போக முடியவில்லை. ஓடைக் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அன்று மாலையே இரண்டு பேரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். மகன் கதவைத் திறந்தான். மாத்திரை டப்பா எட்டாத உயரத்தில், அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. உட்காரச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் உட்காரவில்லை. தகடு கழற்றியது, மாறியது, மறுநாள் விடியலில் மாற்றியது என்று எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். மகன் முகத்தில் ஈயாடவில்லை. டிரைவர் நாற்காலியின் கையை இடது கையால் ஓங்கி அடித்தார். என்ன சொல்ல வந்தார் என்று தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது.

அந்த அம்மா கோபப்படவில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"இருபத்தொண்ணுன்னுதானே இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"அப்ப நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்." மகனைப் பார்த்தார். "சரியாத்தான்டா படிச்சிருக்கேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம், யார் மாற்றச் சொன்னது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டான். ஆபீஸில் யாராவது சொன்னார்களா?

"யாரும் சொல்லலை. மாத்தி மாட்டினதும் நான், திருத்தி மறைச்சதும் நான். நாளைக்கு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துடறேன்," என்றார் அவர். என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் நுனிகள் சொரசொரவென்று இருந்தன.

"நீதாம்மா இவரைக் கூட்டிட்டு வந்திருப்பே. நீ நல்லா இருக்கணும்."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்லியிருக்கலாம். மகன் இருந்தான், டிரைவர் இருந்தார், எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.