கேஜுன் வெண்ணெயோடு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு

2026 ஏப்ரல் 12, ஞாயிறு, காலை 10.20. அல்சூரில் வெயில் 31 டிகிரி, காற்று இல்லை. எவர்சில்வர் டப்பாவில் இருபத்து நான்கு ஐஸ் கட்டிகள், அவற்றின் நடுவே நானே செய்த 200 கிராம் கேஜுன் வெண்ணெய்.

ஜனவரியில் மருமகள் ஷில்பா எங்கள் வீட்டுக்கு வந்து இதே வெண்ணெயைச் சோளத்தில் தடவிக் கொடுத்தபோது, விருந்தாளிகள் ஆறு பேர் முன்னால், “உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறாய்” என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் எங்கள் வாசல்படி ஏறவில்லை. சொன்னது நான், போகவேண்டியதும் நான்தான்.

செய்முறை எளிது. வெண்ணெய் இரண்டு கட்டி, 124 ரூபாய். கேஜுன் பொடி ஒரு பாட்டில், 189. மிளகாய், பூண்டு, வெங்காயம், மிளகு, ஏதோ காய்ந்த இலைகள் கலந்த அமெரிக்க மசாலா. வெண்ணெயை ஒன்றரை மணி நேரம் வெளியில் வைத்து இளக்கி, இரண்டு டீஸ்பூன் பொடியும், எந்த மசாலாவுக்கும் போடுவதுபோல அரை டீஸ்பூன் உப்பும் சேர்த்துக் குழைத்தேன். பட்டர் பேப்பரில் (40 ரூபாய்) உருட்டி, இரவு முழுதும் ஃபிரிட்ஜில் வைத்தேன்.

ஆட்டோக்காரர் 550 கேட்டார். 480க்குப் படிந்தது. அடுகோடி தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தார்.

“இன்னா சார், ஐஸ் பொட்டிய மடியிலயே வெச்சினுகிறீங்க? கிட்னியா?”

“வெண்ணெய். மேம்பாலத்தில் போனால் சீக்கிரம் போகலாமே?”

“ஆட்டோவ மேல வுட மாட்டான் சார். ரொம்ப உருகிச்சுன்னா நெய்யின்னு சொல்லிக் குட்த்துடுங்க.”

சில்க் போர்டு சிக்னலில் மட்டும் பத்தொன்பது நிமிடம். டப்பாவை நான்கு முறை திறந்து பார்த்தேன். நான்காவது முறை, முழு ஐஸ் ஏழுதான் இருந்தது. 21 கிலோமீட்டர் கடந்து இறங்கியபோது மணி 11.35.

“வாங்க மாவா,” என்றாள் ஷில்பா. கன்னடத்தில் மாமனாரை அப்படித்தான் அழைப்பார்கள். “அவரு இன்னைக்கும் ஆபீஸ் போயிருக்காரு. சாயங்காலம்தான் வருவாரு.”

“உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்.”

டப்பாவை வாங்கித் திறந்தாள். ஓரமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் கசிந்திருந்தது. நடுப்பகுதி மட்டும் கெட்டி. விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்தவள் கண்ணை இறுக்கி மூடினாள்.

“உப்பு போட்டீங்களா?”

“அரை டீஸ்பூன்.”

“அய்யோ மாவா! கடை வெண்ணெயில உப்பு இருக்கு. இந்தப் பவுடர்லயும் இருக்கு. பாட்டில் மேலயே எழுதியிருக்கே!”

பாட்டிலில் விலை, எடை, காலாவதித் தேதி மூன்றையும் படித்திருந்தேன்.

“இப்ப அள்ளிக் கொட்டினது யாரு?”

“நான்தான். அன்றைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

ஃபிரிட்ஜிலிருந்து உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம் எடுத்து, என்னுடையதோடு சேர்த்துப் பிசைந்தாள். அரை எலுமிச்சை பிழிந்தாள். சுட்ட சோளத்தில் தடவி நீட்டினாள். இரண்டு தின்றேன், மூன்றாவதையும் கேட்டேன். அப்போதுதான் சிரித்தாள்.

“மீதிய ஃப்ரீசர்ல வெக்கிறேன். வர்ற சண்டே எடுத்துட்டு வர்றோம். அத்தைகிட்ட சோளம் மட்டும் வாங்கி வெக்கச் சொல்லுங்க.”

திரும்புவதற்குக் கார் அவளே பிடித்துக் கொடுத்தாள். வாடகை எவ்வளவு என்று மூன்று முறை கேட்டும் சொல்லவில்லை. அது நீங்கலாக என் செலவு 833 ரூபாய்.