சொட்டு மருந்து பாட்டிலில் நீலகிரித் தைலம்

சென்ற வாரம் ஒரு காலை. நான் வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். என் கணவர் பிரபு, எங்கள் இரண்டு வயது யாழினிக்கு விட்டமின் சொட்டு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். தினமும் நடக்கிற காரியம்தானே... திடீரென்று குழந்தை வீறிட்டாள். ஓடிப்போய்த் தூக்கினேன். அவள் வாயிலிருந்து குப்பென்று நீலகிரித் தைலம் வாசனை!

பிரபு கையில் இருந்தது சொட்டு மருந்து பாட்டில்தான். உள்ளே இருந்தது தைலம்.

எப்படி? என் நாத்தனார் வெண்ணிலா ஊட்டி போய் வந்தால், பெரிய பாட்டிலில் தைலம் வாங்கி வந்து எல்லாருக்கும் பங்கு வைப்பாள். பெங்களூர்க் குளிருக்கு அது இல்லாமல் ஆகுமா? இந்தத் தடவை, கர்ச்சீப்பில் சொட்டு விட வசதி என்று, தன் தெருவில் குழந்தைகள் இருக்கும் வீடுகளில் காலி மருந்து பாட்டில்களைச் சேர்த்துக் கழுவி, அவற்றில் ஊற்றியிருக்கிறாள். பழைய லேபிளோடு! முந்தின நாள் அவள் கொண்டுவந்து கொடுத்தபோது பிரபு வீட்டில் இல்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு கன்னட ஆன்ட்டி டம்ளரோடு வந்துவிட்டார். "உப்பு நீரு குடிசி, வாந்தி ஆக்லி!" உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொல்கிறார்.

நல்லவேளை, டாக்டர் போனை எடுத்தார். "வாந்தி எடுக்க வைக்காதீங்க! எண்ணெய் நுரையீரலுக்குப் போயிடும். பாட்டிலோட உடனே கிளம்புங்க."

மல்லேஸ்வரத்து டிராஃபிக்கில் ஆட்டோ நகரவேயில்லை. யாழினியின் கண்கள் செருகின. தூக்கமா, மயக்கமா? "யாழு... யாழு..." என்று உலுக்கிக்கொண்டே போனேன். அப்படி ஒரு பயத்தை நான் அனுபவித்ததே இல்லை.

சாயங்காலம் வரை கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். பெரும்பகுதியைத் துப்பிவிட்டதால் பிழைத்தோம்.

"தைலம் நல்லதுதானே டாக்டர்? எல்லாரும் தேய்க்கிறோமே..." பிரபு பாவமாகக் கேட்டார்.

"அதுல யூகலிப்டால்னு ஒண்ணு இருக்கு. உங்களுக்கு மூக்கடைப்பு விட்ட மாதிரி இருக்கிறது அதாலதான். ஆனா சின்னக் குழந்தை கொஞ்சம் முழுங்கினாலே வலிப்பு வரலாம், மூச்சுத் திணறலாம். மூக்குக்கிட்ட தடவுறதுகூட வேண்டாம்."

இயற்கை என்றால் பயமில்லை என்று எப்படித்தான் நம்பிவிடுகிறோமோ!

வீடு திரும்பியதும் வெண்ணிலாவுக்குப் போன் செய்தேன். திட்டத்தான் செய்தேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "அண்ணி... ஈஜிபுரால எங்க தெரு பூரா அதே பாட்டில்லதான் குடுத்திருக்கேன். எல்லாம் புள்ளைங்க இருக்கிற வீடு."

அன்றைக்கே ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டி, எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிட்டாள். ஒரு வீடு மட்டும் பூட்டியிருந்ததாம். ஊருக்குப் போயிருக்கிறார்களாம், கைக்குழந்தையோடு.

இதை எழுதி முடிக்கும் வரை அவர்கள் போனை எடுக்கவில்லை.