நுரை அண்ணனின் மூக்கு

சோப்புத் தண்ணீரில் தோய்த்த பிரஷ்ஷைக் குழாயின் மூட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூச்சுகூட விடாமல் உற்றுப் பார்க்கிறார் நுரை அண்ணன்; நாங்கள் வைத்த பெயர்தான். கேஸ் கசிந்தால் குமிழி எழும்; ஒன்றுகூட எழவில்லை. அப்படியும் மனம் ஆறாமல் மறுபடி பிரஷ்ஷைத் தோய்க்கிறார்.

கேஸ் மீட்டர் வேலையில் இருபது வருடப் பழக்கம் அவருக்கு. எங்கள் சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை கூட்டிக் கட்டுகிறோம். வெளிச்சுவரில் இருந்த மீட்டர், அறை எழும்பினால் கட்டிலின் தலைமாட்டுக்கு வந்துவிடும். அதைப் பக்கச் சுவருக்கு மாற்றத்தான் கம்பெனி இவரை அனுப்பியிருந்தது.

வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. "முன்னாடியே சொல்லிடுறேன் சார். எனக்கு மூக்கு அவுட்டு. மெஷின் இருக்கு, நுரை இருக்கு. இருந்தாலும் வீட்டுல இருக்கிறவங்க மூக்கைக் கொஞ்சம் இரவல் கொடுக்கணும்" என்றார்.

மூன்று வருடம் முன்பு ஒரு காய்ச்சல் வாசனையைக் கையோடு கொண்டுபோய்விட்டது. அலுவலகத்தில் அவர் மறைக்கவில்லை. கசிவு இருந்தால் கத்தும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். அதையும் முழுசாக நம்பமாட்டார். "மெஷினுக்கு என்னங்க, பிள்ளைகுட்டியா இருக்கு?"

மெயின் வால்வை மூடிப் பழைய மீட்டரைக் கழற்றியபோது, குழாயில் தங்கியிருந்த கொஞ்சம் கேஸ் வெளியேறியது. என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"எப்படிம்மா இருக்கு? அழுகின முட்டையா?"

"குமட்டுது அண்ணே!"

"நல்லா குமட்டுதா?" அவர் குரலில் பொறாமையே இருந்தது. "இதைத் திட்டிக்கிட்டேதான் அத்தனை வருஷமும் வேலை பார்த்தேன்."

புதுக் குழாயில் காற்றழுத்தம் நிற்கிறதா என்று அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் மகளைப் பற்றிச் சொன்னார்.

"காய்ச்சலுக்கு அப்புறம் பொறந்தவ. ரெண்டு வயசு. வீட்டுக்காரி அவ உச்சந்தலையை மோந்து மோந்து பார்ப்பா. எப்படி இருக்குன்னு சொல்லுடின்னா, 'உங்க பொண்ணு மாதிரி இருக்கு'ங்கிறா. இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

வாசனை எந்த நாளிலும் திரும்பி வரலாம், மோந்து பார்க்கும் முயற்சியை விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

முள் அசையவில்லை. மீட்டரைப் பூட்டி, வால்வைத் திறந்து, நுரைச் சோதனையை இரண்டு தடவை முடித்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார். தீ நீலமாக நின்று எரிந்தது.

மகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் அவர் மனைவி குழந்தையுடன் எங்கள் வாசலுக்கு வந்தாள். அழுது ஓய்ந்த முகத்தோடு மகள் கையை நீட்டினாள். அவர் தன் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார். வலப்பக்கம், காதுக்கு மேல், முடிக்குள் முகத்தைப் புதைத்து நீளமாக மூச்சை இழுத்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இல்லை என்று அவர் தலையசைத்தார். பிறகு குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, இடப்பக்கம் குனிந்தார்.