இலையை மடித்தால் அணையும் விளக்கு

ஜார்ஜ்டவுனில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு நான்தான் விளக்குகள் வடிவமைத்தேன். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் உட்காரும் கடை அது. ஒவ்வொரு நாற்காலிக்கும் மேலே ஒரு விளக்கு, அதற்குள் ஒரு சின்ன கேமரா. சாப்பிட்டவர் இலையை மடித்ததும் அவருடைய விளக்கு மட்டும் அணையும். மேசை துடைப்பவருக்கு அது அடையாளம். என் யோசனை அவ்வளவுதான்.

முதலாளியின் யோசனை வேறு. "முடிச்சிட்டும் கத பேசிக்கிட்டே உக்காந்திருக்காங்க லா. லைட் போனா தன்னால கிளம்பிடுவாங்க."

முதல் ஞாயிறு அப்பாவை அழைத்துப்போனேன். பக்கவாதம் வந்த பிறகு அவர் மெதுவாகத்தான் சாப்பிடுவார். பக்கத்தில் இருந்தவரிடம், "எம் மக செஞ்ச லைட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் என் இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் இடம்பிடிக்க நின்றிருந்தாள். பசி அவளுக்கு மட்டும்தான் போலிருக்கிறது. குனிந்து, பாதிச் சோற்றின்மேல் அவருடைய இலையை மடித்தாள். விளக்கு அணைந்தது.

"அங்கிள், லைட் ஆஃப் ஆயிடுச்சு. எந்திரிங்க லா."

நான் ஓடிவந்து கத்தினேன். "சாப்பிட்டுகிட்டு இருக்காரு, கண்ணு தெரியலையா?"

கல்லாவில் இருந்த முதலாளி சிரித்தார். "பாத்தீங்களா, நல்லா வேல செய்யுது!"

அப்பா கையில் சோற்றோடு எழுந்து நின்றார்.

"சண்ட போடாதம்மா. நீ செஞ்ச லைட்டு தப்பா சொல்லுமா?"