பின்சக்கரத்துக்குப் போகாத பிரேக்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, திருப்பரங்குன்றத்துக்கும் திருமங்கலத்துக்கும் நடுவில் சாலையோரம் இருக்கும் ஒரு ஸ்பிரிங் பட்டறையில் நின்று நான் கத்தினேன். கத்துகிற ஆள் இல்லை நான். இத்தனை வருடம் செய்தித்தாளுக்கு எழுதியவன். யாராவது கத்தினால் பக்கத்தில் நின்று, என்ன சொல்லிக் கத்துகிறார் என்று குறித்துக்கொள்வதுதான் என் பழக்கம். அன்று பட்டறையில் இருந்தவர்கள் என்னைக் குறித்துக்கொண்டிருப்பார்கள்.

வண்டி என்னுடையது இல்லை. என் மனைவியின் தம்பி ராஜாமணி திருப்பரங்குன்றத்தில் செடி நர்சரி வைத்திருக்கிறான். பதினைந்து வருடம் ஓடிய ஒரு பிக்கப்பை வாங்கியிருந்தான். செம்மண் மூட்டை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பினால் வண்டி பரிசல் போல ஆடுகிறது, பிரேக்கும் மந்தமாக இருக்கிறது, இரண்டையும் சரிசெய்ய வேண்டும் என்று துணைக்கு என்னை அழைத்துப் போயிருந்தான். வண்டிகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்கிறீர்களா? என் ஸ்கூட்டரின் ஸ்பார்க் பிளக் எங்கே இருக்கிறது என்பதே போன வருடம்தான் தெரிந்தது. பத்திரிகைக்காரர் பக்கத்தில் நின்றால் பழைய சாமானைத் தலையில் கட்டமாட்டார்கள் என்று நினைத்திருப்பான்.

பட்டறைக்காரர் கண்ணன் வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பின்கதவில் ஒரு தட்டு தட்டினார்.

“பட்டை தளந்து போச்சுண்ணே. கூட ரெண்டு பட்டை சொருகி விட்ருவம். எம்புட்டு ஏத்துனாலும் அமுங்காது. வாலத் தூக்கிக்கிட்டு நிக்கும் பாருங்க.”

பட்டை என்பது பின்சக்கர அச்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும் வளைந்த இரும்புத் தகடு. சுமையைத் தாங்குவது அதுதான். கண்ணன் சொன்னதில் தப்பு என்று எதுவும் பட்டறையில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத்தான் வாலைத் தூக்கிக்கொண்டு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தலைக்கு ஏறியது. “பட்டைய மட்டும் கூடப் போட்டா பிரேக் என்னாகும்னு தெரியுமா உங்களுக்கு?” என்று ஆரம்பித்து, அடுத்த ஐந்து நிமிடம் என்னென்னவோ சொன்னேன்.

“ஏன் மச்சான், பட்டைதான போடுறாரு? என்னமோ வெடிகுண்டு வைக்கிற மாதிரி குதிக்கிறீங்க” என்றான் ராஜாமணி.

பக்கத்து வண்டியில் யாரோ பிரேக் லைனிங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கருகல் நெடி வந்தது. அந்த நெடியோடு எனக்குப் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கின் வாசனையும் சேர்ந்தே வரும். இரண்டும் கலந்து வந்தால் அது அழகரின் வண்டி.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்போது நான் திருமங்கலத்தில் பகுதிநேர நிருபர். ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அறை. ஒரு மேஜை, ஒரு கால் ஆடும் நாற்காலி. ஊரில் நடந்ததைக் கையால் எழுதிக் கவரில் போட்டு மாலைக்குள் மதுரை அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். மற்ற நிருபர்கள் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார்கள். எனக்கு அழகர் இருந்தான். டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஓர் எண்ணெய் ஆலையின் பிக்கப்பை ஓட்டினான். புண்ணாக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தினமும் மதுரைக்குப் போகிறவன், என் அறைக்குக் கீழே நிறுத்தி இரண்டு ஹாரன் அடிப்பான். என் வயதுதான். கவரை வாங்கி எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்ப்பான்.

“யோவ் நிருபரே, இன்னைக்கு எத்தன பேரக் கொன்னுருக்க?”

“யாரையும் இல்ல மாப்ள. கண்மாய்ல மீன் பிடிச்ச தகராறு மட்டும்தான்.”

“அதான் கவரு காத்தா இருக்கு.”

அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாட்களில் நானும் அவன் பக்கத்தில் ஏறிக்கொள்வேன். சட்டையில் புண்ணாக்கு வாசனையோடு போய் நிற்பேன். மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டா வருகிறாய் என்று அங்கே கேட்பார்கள். அழகர் மெதுவாக ஓட்டுவான். எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாக. டவுன் பஸ் எங்களை முந்திப் போகும்போது அவன் அதற்கு வழிவிட்டு, “போங்கப்பா போங்க, சுடுகாடு எங்கயும் போயிறாது” என்பான்.

ஆலை முதலாளி அந்த வண்டியில் ஏற்ற வேண்டியதைப்போல இரண்டு மடங்கு ஏற்றினார். அந்தச் சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. சோதனை செய்கிறவர்கள் எல்லா வண்டியையும் எடை போட்டுக்கொண்டிருக்க முடியாது. சாலையோரம் நின்று, வண்டியின் பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்ப்பார்கள். அமுங்கிய வண்டியை ஓரம் கட்டுவார்கள். நிமிர்ந்த வண்டி போய்க்கொண்டே இருக்கும். இது ஆலைக்காரர்களுக்கும் தெரியும், பட்டறைக்காரர்களுக்கும் தெரியும். நிருபராகிய எனக்கும் தெரியும், நான் எழுதியதில்லை. முதலாளி அழகரின் வண்டிக்குக் கூடுதலாக இரண்டு பட்டை போட்டார். எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை ஏற்றி நசுக்கி, மூட்டைகளை அடுக்கச் சொல்லி, தள்ளி நின்று பார்த்தார். அன்று நானும் கவரோடு அங்கே நின்றேன்.

“பாருடா, வாலத் தூக்கிக்கிட்டு நிக்குது. இனி எவன் கைய நீட்டுவான்?”

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி வண்டிகளில் பின் அச்சுக்கு மேலே ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகும். சுமை ஏறிப் பின்பக்கம் அமுங்க அமுங்கக் கம்பி நகரும். வால்வு திறந்து பின்சக்கரங்களுக்கு பிரேக்கைக் கூடுதலாக அனுப்பும். வண்டி காலியாக இருந்தால் குறைவாக அனுப்பும், லேசான பின்பக்கம் வழுக்கிச் சுழன்றுவிடக் கூடாது என்பதற்காக. பட்டை கூட்டி நிமிர்த்திய வண்டி எவ்வளவு ஏற்றினாலும் அமுங்காது. அப்போது வால்வு வண்டி காலி என்று நினைத்துக்கொள்ளும். சோதிப்பவரின் கண்ணை ஏமாற்றப் போட்ட பட்டை பிரேக்கையும் ஏமாற்றிவிடும். முழுச் சுமையையும் முன்சக்கரங்கள் மட்டுமே பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும்.

இவ்வளவு தெளிவாக இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு இதில் ஒரு வரி தெரியாது. அழகருக்கும் வால்வின் பெயர் தெரியாது, ஆனால் அவன் காலுக்குத் தெரிந்துவிட்டது.

“முன்னாடி கடிக்குது மாப்ள, பின்னாடி தூங்குது. மிதிச்சா மூக்கு குத்துது, முதுகு தள்ளுது. பட்டை போட்டதுல இருந்துதான் இப்பிடி.”

முதலாளியிடம் சொன்னான். “கால்ல சத்து இல்லையா? நல்லா மிதி” என்றார் அவர். பிறகு என்னிடம் கேட்டான். முதலாளி பேர் வேண்டாம், இப்படிப் பட்டை போட்டு ஓட்டுகிறார்கள், பிரேக் சரியாக நிற்கவில்லை என்று பொதுவாக எழுதேன் என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிரித்துக்கொண்டே சொன்னேன்: “பிரேக் பிடிக்கலங்கிறது நியூஸ் இல்ல மாப்ள. வண்டி கவுந்தா வா, எழுதுறேன்.”

அவனும் சிரித்தான். கவரை வாங்கிக்கொண்டு போனான்.

மழைக்காலத்தில் ஒரு நாள் மதியம் மூன்று மணி. திருமங்கலத்துக்குச் சற்று முன்னால், தூறலில், முன்னே போன பஸ் நின்றது. இறங்கிய ஒரு பெண் குழந்தையோடு பஸ்ஸுக்கு முன்னால் நுழைந்து சாலையைக் கடந்தாள். நின்ற பஸ்ஸை வலப்பக்கமாகத் தாண்டிக்கொண்டிருந்த அழகர் மிதித்தான். முன்சக்கரங்கள் சுழலாமல் இறுகிவிட்டன. முன்சக்கரம் இறுகினால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேரேதான் போகும், அந்தப் பெண்ணை நோக்கி. அவன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். எடுத்தால்தான் திரும்பும். பஸ்ஸின் முகப்பைத் தாண்டியதும் இடது பக்கம் ஒடித்து, ஓடைக்குள் கவிழ்ந்தான். அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் ஒரு கீறல் இல்லை. அவன் வலது கால் வண்டிக்கு அடியில் நசுங்கிப்போனது. முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவனை மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். சாலையில் கறுப்புக் கோடு இருந்தது. காலடியால் அளந்தேன், இருபத்தோரு எட்டு. கவிழ்ந்து கிடந்த வண்டியைச் சுற்றி வந்தேன். முன் டயர் இரண்டிலும் ஒரே ஓர் இடம் மட்டும் சீவியதுபோலத் தட்டையாகத் தேய்ந்திருந்தது. பின் டயர்களில் அப்படி எதுவும் இல்லை. குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொண்டேன். கூர்மையான கண் என்று என்னை அலுவலகத்தில் சொல்வார்கள். பார்த்தேன், எழுதிக்கொண்டேன். ஏன் என்று ஒருவரையும் கேட்கவில்லை.

காவல் நிலைய ரைட்டர் சொன்னார்: “கோட்டப் பாருங்க சார். ஸ்பீடு இல்லாம இம்புட்டு தூரம் இழுக்குமா?”

நான் எழுதினேன்: ‘அதிவேகமாக வந்த சரக்கு வேன், டிரைவரின் கட்டுப்பாட்டை இழந்து ஓடையில் கவிழ்ந்தது.’ அதிவேகமாக என்ற சொல்லை நான் யோசித்து எழுதவில்லை. விபத்து என்றால் அது பேனாவிலேயே இருக்கும். அன்றைய கவர் பஸ்ஸில் போனது. கொண்டுபோகிறவன் வார்டில் கிடந்தான்.

மூன்றாம் நாள் அவனைப் பார்க்கப் போனேன். பக்கத்துக் கட்டில்காரர் வாங்கிய செய்தித்தாள் அவன் தலையணைக்குக் கீழே இருந்தது. திட்டுவான் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டான்.

“நாப்பதுல வந்தேன் மாப்ள. என் வண்டியில எத்தன வாட்டி வந்துருக்க? நான் எம்புட்டு ஸ்பீடு போவேன்னு உனக்குமா தெரியாது?”

எனக்குத் தெரியும். அந்த ஊரில் அது தெரிந்த ஒரே எழுதுகிறவன் நான்தான்.

அழகரின் மனைவி ஆலைக்குப் போய் நியாயம் கேட்டார். முதலாளி வெட்டி வைத்திருந்த என் செய்தியை எடுத்துக் காட்டினார். “பேப்பர்லயே அதிவேகம்னு போட்ருக்கு. நானாம்மா சொன்னேன்?” வண்டியைச் சோதிக்க வந்த ஆய்வாளர், மூட்டைகளை இறக்கிய காலி வண்டியில் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். காலி வண்டி ஒழுங்காக நின்றது. பிரேக் நன்றாக உள்ளது என்று எழுதிவிட்டுப் போனார். அழகரின் லைசென்ஸ் போயிற்று, வழக்கு அவன்மேலேயே நின்றது.

பிறகுதான் நான் அந்த வண்டியைப் பார்க்க ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போனேன். முன்சக்கர பிரேக் பேட் இரும்பு தெரியத் தேய்ந்துபோயிருந்தது. பின்சக்கர டிரம்மைக் கழற்றினால், அதே நாளில் மாட்டிய லைனிங் நேற்றுப் போட்டதுபோல இருந்தது. வால்வுக் கம்பியைக் காட்டி அவர்தான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். “டிரைவர குத்தம் சொல்றீங்களேண்ணே, பின்னாடி பிரேக்கே போகலயே.” அன்றைக்கே நான்கு வரியில் ஒரு திருத்தம் எழுதிக்கொண்டு மதுரை அலுவலகத்துக்குப் போனேன். செய்திப் பிரிவில் பெரியவர் ஒருவர் இருந்தார். படித்தார். மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார்.

“போலீஸ் சொன்னதப் போட்டோம். இப்ப மாத்துனா தப்ப நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. வால்வு கீல்வுன்னு போட்டா எவன்யா படிப்பான்?”

நான் சண்டை போடவில்லை. வேலையை விடவில்லை. மறுநாள் கண்மாய்த் தகராறு எழுதினேன். அதற்குப் பிறகு அந்த ‘அதிவேகமாக’வை நான் எழுதியதே இல்லை என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். எழுதினேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை.

பட்டறையில் நான் கத்தி முடித்ததும் கண்ணன் வண்டிக்கு அடியில் நுழைந்தார். அங்கிருந்தே குரல் வந்தது.

“அண்ணே, நீங்க சொல்ற வால்வு இதுல இல்ல. கழட்டிட்டு பைப்ப நேரா சேத்து விட்ருக்காங்க. வெறும் ஓட்டைதான் இருக்கு. இதெல்லாம் யாருண்ணே கேக்குறா?”

“நான் கேக்குறேன்.”

அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேலையை ஒழுங்காகச் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். தளர்ந்த பட்டைகளுக்குப் பதில் அதே எண்ணிக்கையில் புதிய பட்டைகள். நான்கு பக்கமும் புது ஷாக் அப்சார்பர், நைந்துபோன ரப்பர்களுக்கு மாற்று. முன்சக்கரத்துக்குப் பெரிய டிஸ்க்கும் அதற்கேற்ற பேடும். பின்சக்கரத்துக்குப் புது சிலிண்டர், புது லைனிங். வால்வு வந்துசேர ஒன்பது நாள் ஆனது. “ஒத்த வால்வுக்காக ஒம்பது நாளு செடியத் தலையிலயா மச்சான் சொமக்க?” என்று ராஜாமணி தினமும் போன் செய்து கேட்டான்.

வால்வை மாட்டி, கம்பியின் நீளத்தைச் சரிபார்த்து, செம்மண் மூட்டைகளை ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் மெல்ல இறங்கியது. கண்ணனுக்கு முகம் வாடிவிட்டது.

“அமுங்குதேண்ணே. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு.”

“அமுங்கட்டும்.”

வளைவில் வண்டி ஆடவில்லை. ஆளில்லாத நேர்ச்சாலையில் ராஜாமணி ஒரே மிதி மிதித்தான். மூக்கு குத்தவில்லை, முதுகு தள்ளவில்லை. நான்கு சக்கரமும் சேர்ந்து பிடித்து வண்டி அப்படியே உட்கார்ந்தது. “அட!” என்றான். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்குக் கோபம்தான் கூடியது. இவ்வளவுதானா? ஒரு கம்பி, ஒரு வால்வு, ஒன்பது நாள். இதற்கா ஒருவன் காலைக் கொடுத்தான்?

திரும்பும்போது அழகர் கவிழ்ந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். சாலையை அகலப்படுத்தி ஆள் உயரத்துக்கு மேடாக்கிவிட்டார்கள். இருபத்தோரு எட்டும் அதற்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. ஓடையைக் குழாய்க்குள் விட்டுவிட்டார்கள். எண்ணெய் ஆலை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம், வாசலில் முதலாளியின் மாலை போட்ட படம். என் அறையும் சைக்கிள் கடையும் இல்லை. செய்திக் கவரைக் கொடுத்தனுப்புகிற வழக்கம் இல்லை. திருமங்கலத்துச் செய்திகளுக்கென்று இருந்த அரைப் பக்கத்தை அலுவலகத்தில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அழகர் ஒற்றைக் காலோடு ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் பல வருடம் டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான்கு வருடத்துக்கு முன் சாதாரணக் காய்ச்சலில் போய்விட்டான். தலையணைக்குக் கீழே இருந்த அந்தச் செய்தித்தாளைப் பற்றி அதற்குப் பிறகு அவன் ஒரு நாளும் பேசியதில்லை. என்னைப் பார்த்தால் நிருபரே என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

தப்பாக எழுதியது ஒரே மாலையில் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. சரியாக எழுதிய நான்கு வரி போய்ச் சேரவே இல்லை. இப்போது அதைப் போட அந்தப் பக்கமும் இல்லை, படிக்க அவனும் இல்லை. நான்கு வரியும் வேண்டாம், ஒரு வரி போதும்.

அவன் நாற்பதில்தான் வந்தான்.